தஸ்நேவிஸ் யார்டைக் கடந்து வருகிறார்

சார் என்று ஆரம்பிக்கக் கூடாது. சார் என்று ஆரம்பித்தால் அடுத்து வருவதெல்லாம் மன்னிப்புக் கேட்பது மாதிரி ஆகிவிடும். அண்ணாச்சி என்றால் இன்னும் மோசம், அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாயால் அதைச் சொல்ல முடியாது. நம் கம்பெனியில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று போன வருஷம் மும்பை ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது, மும்பைக்காரர்களுக்கு அது சுலபம், இந்த அறையில் யாரும் இல்லாதபோது நானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், தஸ்நேவிஸ், உட்காருங்க, என்று. காதெல்லாம் சூடாகிவிட்டது. பெயரும் வேண்டாம், சாரும் வேண்டாம், எதுவுமே சொல்லாமல் வாங்க என்று ஆரம்பிக்கலாம். வாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். ஒரு விஷயம் என்று சொல்லக் கூடாது, ஒரு விஷயம் என்றாலே கெட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் கெட்டதுதானே. போனில் கூப்பிட்டபோது இந்தா வாரேன் மேடம் என்றார், எதற்கு என்று கேட்கவில்லை, அவர் எப்போதுமே கேட்பதில்லை, மேலே இருப்பவர் கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மாடியிலிருக்கிற இந்தக் கண்ணாடி அறையிலிருந்து யார்டு முழுக்கத் தெரிகிறது, அடுக்கி வைத்த கண்டெய்னர்கள், நடுவில் சிமெண்டுத் தரை, அதன் மேல் உச்சி வெயில் ஆடுகிறது, மதில் சுவருக்கு அப்பால் உப்பளம் கண்ணைக் கூச வைக்கிறது. கடைசி வரிசையில், இறால் ஏற்றிய குளிர்பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் கிளம்பியிருக்கிறது. அவர்தான், எங்கள் யார்டு சூப்பர்வைசர். அந்த நடை யாருக்கும் வராது, இடது தோளைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து, காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் முதல் வாக்கியத்தை முடிவுசெய்துவிட வேண்டும்.

தண்ணீர் பாட்டிலை அவர் உட்காரப் போகிற பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு அது முன்கூட்டியே தயார் பண்ணி வைத்த மாதிரி இருந்தது, ஆளுக்கு மயக்கம் வரும் என்று நினைத்துத் தண்ணீர் வைத்திருக்கிறாள் என்று தோன்றும், திருப்பி என் பக்கம் எடுத்துக்கொண்டேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. பிரஷர் உண்டா தெரியாது. ஐம்பத்தேழு வயது ஆள், வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்து, இதைக் கேட்டு, இங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது, கண்ணாடி வழியாக எல்லாரும் பார்ப்பார்கள். இந்தக் கண்ணாடி எங்கள் பழைய மேனேஜர் போனபின் நான் கேட்டு வாங்கியது. அவர் காலத்தில் இங்கே மரக்கதவு, மூடினால் உள்ளே யாரை ஏசுகிறார் என்று வெளியே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நான் அப்படி இருக்க மாட்டேன், என் அறையில் எல்லாமே வெளியே தெரியட்டும் என்று மும்பைக்கு எழுதினேன், அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது திரை போட ஒரு கம்பிகூட இல்லை. கீழே ஹாலில், புதிதாக வந்த பிள்ளைகளில் ஒருத்தியான தர்ஷிகா தன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள், நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு, எப்போதும் அப்படித்தான் உட்காருவாள், நான் போய் நின்றாலும் காலை இறக்க மாட்டாள். மரியாதைக் குறைவு இல்லை, அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மேலே பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகக் கம்ப்யூட்டரையே பார்க்கிறாள். தெரிந்திருக்கிறது அவளுக்கு. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, யார்டில் நடந்து வருகிற ஒருவரைத் தவிர.

அவர் நின்றுவிட்டார். ட்ரெய்லர் டிரைவர் ஒருவன் கீழே இறங்கி எதையோ காட்டுகிறான், இவர் குனிந்து டயரைப் பார்க்கிறார். ஏன் குனிய வேண்டும், இது அவர் வேலையே இல்லை, டயர் டிரைவர் பாடு. ஆனால் யார்டில் எதுவும் அவர் வேலை இல்லை என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது. மழை வெள்ளம் வந்த வருஷம் கரண்ட் போய்க் குளிர்பெட்டி எல்லாம் நின்றுபோனபோது முட்டளவுத் தண்ணீரில் நின்று ஜெனரேட்டரை ஓட்டியவர் அவர்தான், வீட்டுக்கே போகவில்லை, பையன் பிறந்த செய்தி வந்தும் போகவில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அதை அவர் சொல்லுவார், எம் பையன் மூஞ்சிய ரெண்டு நாளு கழிச்சித்தான் பாத்தேன், என்று, எல்லாரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். போன தடவை தட்டும்போது பக்கத்தில் தர்ஷிகா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்ப அவங்க வீட்ல அந்தக்கா தனியாவா இருந்தாங்க, என்று என் காதில் கேட்டாள். எனக்குத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கேட்ட கதையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை. இப்படித்தான் அவள். எதைக் கேட்டாலும் நமக்கு உள்ளே ஒரு சாமான் கீழே விழும். ஒரே விவரத்தை எதுக்குக் கம்ப்யூட்டர்ல ரெண்டு இடத்துல ஏத்துறோம், என்று வந்த முதல் வாரமே கேட்டாள். நான் வருஷக்கணக்காக ஏற்றிக்கொண்டிருந்தேன். விசாரித்துப் பார்த்தால் ஒரு காரணமும் இல்லை. மூன்று மாதம் முடிந்தபோது வந்து, நான் எப்படிச் செய்றேன்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம், என்றாள். நல்லா பண்றீங்க என்றேன். எது நல்லா இருக்கு என்றாள். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஏசாமல் இருந்தால் நல்லது என்று அர்த்தம், அப்படியேதான் நான் வளர்ந்தேன். அம்மா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், மேட்ரன் போன் பண்ணினால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் பேசுவாள், வீட்டில், எங்கள் அடுப்படியில், எச்சில் கையோடு. நான் உட்கார்ந்து சாப்பிட்டபடி அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற யாரும் என் போனுக்கு எழுந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். யாரும் நிற்பதில்லை. யாரும் எடுப்பதும் இல்லை, மெசேஜ் போடுங்க மேடம் என்கிறார்கள்.

அவர் மட்டும் எழுந்து நிற்பார். எனக்கு இந்த நாற்காலி வந்த மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று குட் மார்னிங் மேடம் என்றார். அதற்கு முந்தின நாள்வரை ஏ பிள்ள, இங்க வா. ஒரே ராத்திரியில் பிள்ள போய் மேடம் வந்துவிட்டது. குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், இல்லவே இல்லை, அவ்வளவு சுத்தமாகச் சொன்னார். கிண்டலாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். நாற்காலிக்கு மரியாதை, அதில் உட்காருகிற ஆள் யாராக இருந்தாலும். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இல்லை, யாரோ என்னை வீட்டுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. இதே ஆள்தான் நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கண்டெய்னர் நம்பரைத் தப்பாக எழுதியதற்கு அத்தனை டிரைவர்களுக்கும் முன்னால் ஏசினார், படிச்ச கழுதையாக்கும் என்றார், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், அழுது முடித்து வெளியே வந்தால் மேஜையில் டீ இருந்தது, அவர் வாங்கி வைத்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு நம்பரையும் நான் தப்பாக எழுதியதில்லை. இதை யார் கணக்கில் எழுதுவது. அவர் ஏசினதால் தேறினேனா, அவர் ஏசியும் தேறினேனா. ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது, ஒரு பக்கம் படுத்தால் அவர் சரி, புரண்டு படுத்தால் தர்ஷிகா சரி. எனக்கு முப்பத்தொன்று. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில். நடுவில் இருப்பவளுக்கு இரண்டு பக்கமும் புரியும் என்று மும்பையில் சொல்லித்தான் என்னை இங்கே உட்கார வைத்தார்கள். புரிகிறது. புரிந்து என்ன.

சனிக்கிழமையை நினைக்கக் கூடாது என்று பார்க்கிறேன், அது வந்துகொண்டே இருக்கிறது. சாயங்காலம், கப்பலுக்குப் பெட்டி அனுப்புகிற கடைசி நேரம், எடைமேடைக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. தர்ஷிகா தன் ஷிப்டு முடிந்து பையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். எங்க போறே, என்கிறார் தஸ்நேவிஸ். டைம் முடிஞ்சிட்டு சார், என் வேலையெல்லாம் முடிச்சிட்டேன். இவர் சத்தம் போடுகிறார், வேல பாக்க வந்தியா மணி பாக்க வந்தியா என்று, கப்பல் கிளம்புற நேரத்துல வீட்டுக்குப் போறவளுக்கு எதுக்கு இந்த வேல என்று. அவள் அழவில்லை. நாளைக்கழிச்சு வர்றேன் சார் என்று நடந்தாள். அந்த நடக்கிற முதுகைப் பார்த்து அவர், இதுகளுக்கெல்லாம் வளர்ப்பு சரியில்ல, என்றார். டிரைவர்கள் சிரித்தார்கள். அவளை வளர்த்தது அவள் அம்மா ஒற்றை ஆள், தையல் கடை வைத்து. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் எடைமேடைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், கையில் போன் இருந்தது, அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை, ஒன்றுமில்லாத அந்தத் திரையை விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அவள் வந்து அமைதியாகச் சொன்னாள், அவர் இருக்கிற ஷிப்டில் நான் இருக்க மாட்டேன், அவரை மாற்றுங்கள் இல்லாவிட்டால் நான் போகிறேன், மும்பைக்கும் எழுதியிருக்கிறேன் என்று. பார்ப்போம், அவரிடம் பேசுகிறேன், அன்றைக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நீங்க அங்கதான நின்னீங்க மேடம்? அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. அவளுக்கு முன்னாலும் வேலைக்கு வந்த பிள்ளைகள் விட்டுப் போயிருக்கிறார்கள், காரணம் கேட்டால் வீட்டில் சூழ்நிலை என்பார்கள், அவர்கள் யாரும் சொல்லாததை இவள் சொன்னாள். மும்பையில் வீடியோவில் கேட்டார்கள், உங்கள் கருத்து என்ன என்று. அவர்களே ஏதாவது முடிவு சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள். அவருக்குக் கீழே இனிமேல் ஆள் வேண்டாம் என்று என் குரல் சொன்னது. உடனே எல்லா முகமும் தலையாட்டியது. ஆலோசகர் என்று ஒரு பதவி, ஒரு மேஜை, அதே சம்பளம், ஆள் மட்டும் கிடையாது. மூன்று மணிக்கு எல்லாருக்கும் அறிவிப்பு வரும், அதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள், நிர்வாகத்தின் முடிவு என்று சொன்னால் போதும் என்றார்கள். நிர்வாகத்தின் முடிவு. எவ்வளவு நல்ல வார்த்தை. யார் கையும் அதில் இல்லை. அதையே முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளலாம், நிர்வாகத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க, அவ்வளவுதான், எடுத்திருக்காங்க, யாரோ, எங்கேயோ. அவர் டயரை விட்டு நிமிர்ந்துவிட்டார். வருகிறார். இப்போது ஹெல்மெட்டுக்குக் கீழே முகம் தெரிகிறது. நான் சொன்னது தப்பா? தப்பில்லை. மறுபடி கேட்டாலும் அதையே சொல்லுவேன். கீழே கதவு திறக்கிற சத்தம். இனி படிக்கட்டு.

வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார், நெற்றியில் ஹெல்மெட் வார் அழுத்திய கோடு சிவப்பாக இருந்தது. உட்காருங்க என்றேன். இருக்கட்டும் மேடம், கால்லாம் மண்ணு, என்றார். நான் உட்கார்ந்திருப்பதா எழுந்திருப்பதா தெரியாமல் பாதி எழுந்து, மேஜையில் கையை ஊன்றி அப்படியே நின்றேன், அம்மா மேட்ரனோடு பேசுகிற மாதிரி. வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. இனி யார்டு வரிசையை நீங்கள் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருக்க மாட்டார்கள், உங்களுக்கு வேறு மேஜை, ஆலோசகர், இன்று மதியம் அறிவிப்பு வருகிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் சொல்லி முடித்தேன். அவர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், எனக்காகப் பரிதாபப்படுகிறார் என்று தெரிந்தது.

"மும்பையில முடிவு பண்ணிட்டாங்க. சொல்லுத வேலைய உங்க தலையில கெட்டிட்டாங்களாக்கும்" என்றார்.

அவரே கொடுக்கிறார். தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம், அவர் இறங்கிப் போய்விடுவார், மும்பைக்காரனுக்கு என்ன தெரியும் என்று கேன்டீனில் ஏசுவார், என்னை ஏச மாட்டார், நாளைக்கும் குட் மார்னிங் மேடம் என்பார், எழுந்து நிற்பார். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். தர்ஷிகா இப்போது மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அண்ணாச்சி. அவங்க கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."

அண்ணாச்சி என்று எங்கிருந்து வந்தது தெரியவில்லை. அவர் முகத்தில் அந்தப் பரிதாபம் மெதுவாக வடிந்து போவதைப் பார்த்தேன், அதன் அடியில் வேறொரு முகம் இருந்தது, அது எனக்குத் தெரியாத முகம். அந்தப் பிள்ள விஷயமா என்று கேட்டார். அது மட்டும் இல்லை, ஆனால் சனிக்கிழமை நீங்கள் பேசினது தப்பு, அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை என்றேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, என்று கடைசியில் என் குரல் கேவலமாக இறங்கியது.

"நான் உங்கள எத்தன தடவ ஏசியிருக்கேன் மேடம். மூஞ்சிக்கு நேராத்தான் ஏசியிருக்கேன்."

பிறகு, வரிசையை இனி யாரு பாக்கப் போறது என்று கேட்டார். கொஞ்ச நாளைக்கு நானே, பிறகு தர்ஷிகாவைப் பழக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். ம் என்றார். பெல்ட்டிலிருந்து வாக்கிடாக்கியைக் கழற்றி மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார், சார்ஜு கொறவா இருக்கு, போட்டு வைக்கச் சொல்லுங்க, என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். படியிறங்கி யார்டுப் பக்கம் போகாமல், கேட்டுப் பக்கம், மதில் நிழலை ஒட்டி நடந்தார். தோள் முன்னால் இல்லை, சாதாரணமாக நடந்தார், எல்லாரையும் போல.

நான் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன், முடிந்துவிட்டது, ஆனால் முடிந்த மாதிரி இல்லை. தர்ஷிகா வந்து நன்றி சொல்லுவாளா, சொல்ல மாட்டாள், எதற்கு நன்றி, இது அவளுக்குச் சேர வேண்டியது. மற்ற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், இத்தனை வருஷம் உழைத்தவருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எப்போது என்று நினைப்பார்கள். வீட்டில் அவர் என்ன சொல்லுவார், சாப்பிடும்போது சொல்லுவாரா, சொல்லவே மாட்டாரா. அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது. அண்ணாச்சி, என்றது. குளிர்பெட்டி வரிசையில் வேலை பார்க்கிற இசக்கிராஜாவின் குரல், போன மாதம்தான் சேர்ந்த பையன். அண்ணாச்சி, இங்க ஒரு பெட்டி சத்தம் ஒரு மாதிரி போடுது, என்ன செய்ய. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி, என்றது திரும்ப. எடுத்து அமுக்கினேன். அண்ணாச்சி இங்க இல்ல, ரெனிட்டா பேசுறேன், சொல்லுங்க. மறுபக்கம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவன் சொன்னான், ஒண்ணுமில்ல மேடம், நாங்க பாத்துக்கிடுதோம். அந்தக் குரல் எனக்குத் தெரியும், மரக்கதவுக்கு உள்ளே இருந்தவரிடம் நாங்கள் எல்லாரும் பேசிய குரல் அது. பெட்டிக்குள் இறால் கெட்டுப்போனாலும் என்னிடம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவார்கள்.

திரும்ப அமுக்கி, எங்க நிக்கே, அங்கயே நில்லு, நான் வாரேன், என்றேன். சத்தமாகத்தான் வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன், தர்ஷிகா ஏதோ கேட்க வாயெடுத்தாள், வந்து பேசுவோம் என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது. மேலேயிருந்து பார்க்கும்போது இந்த யார்டு இவ்வளவு நீளம் இல்லை. நடக்க நடக்கக் கடைசி வரிசை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வண்டி நிழலிலிருந்து பார்த்தார்கள், நான் யாரையும் பார்க்காமல் கிட்டத்தட்ட ஓடினேன். இசக்கிராஜா பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பெட்டி இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல் சத்தம் போட்டது. என்னைக் கண்டதும் நேராக நின்றான். பிறகு, என் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தான்.